பண்ணைப் பாசறை

கல்வி என்பது ஏட்டில் எழுதிய எழுத்தளவில் நின்றுவிடுவதன்று. கண்டும் கேட்டும், கையாற் செய்தும், பிறரொடு கூடி வாழ்ந்தும் பெறும் அறிவே உள்ளத்தில் ஆழ வேரூன்றி நிற்கும். பள்ளி நடைபெறும் திங்கள்கள் நூலறிவு பெறுதற்கு உரியன. இடையே வரும் நெடிய விடுமுறையோ, கருத்தின்றி விட்டால் வீணே கழியும். கருத்துடன் பயன்படுத்தினால் வாழ்க்கைக்கு வேண்டிய பயிற்சியாக மாறும். அவ்விடுமுறையைப் பயனுடையதாக்க அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றிய ஏற்பாடுகளுள் ஒன்று கோடைப் பாசறையாகும். அவற்றுள்ளும் உழவுப் பண்ணைகளில் நடைபெறும் பாசறைகள் தனிச் சிறப்புடையன. அங்கே சிறுவர்க்கு வழிகாட்டியராய் அமர்ந்து தொண்டு புரியும் இளைஞர்தம் பணியின் இயல்பும் அருமையும் இப்பாடத்திற் கூறப்படுகின்றன.

'பாசறை' என்னுஞ் சொல் பண்டைக் காலத்தில் படைவீரர் போர்க்களத்தருகே தங்கிய இடத்தைக் குறித்தது. நாளடைவில், மாணவரும் சாரணரும் வீட்டை விட்டுச் சென்று சில நாள் திறந்த வெளியிற் கூடித் தங்கும் இடத்திற்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. 'முகாம்' என்று பலரும் கூறுவது இதனையே. அமெரிக்கப் பாசறைகளிற் சிறுவரை நடத்தும் இளைஞரைக் 'கவுன்சிலர்' என்பர். நகராட்சி மன்ற உறுப்பினரைக் குறிக்க நம் நாட்டில் வழங்கும் சொல்லும் ஒலியால் இதனை ஒத்திருக்கும். எனினும் ஆங்கிலத்தில் அவ்விரண்டும் எழுத்தாலும் பொருளாலும் வேறானவை. முன்னவர் மன்றத்தில் அமர்பவர். பின்னவர் அறிவுரை கூறுபவர். அறிவுரை கூறுபவர் என்பது பெயர்ப்பொருளேயாயினும், அவர்தம் பணியில் உரை சிறிது, செயலே பெரிது என்பது பின்னர் விளங்கும்.

கோடைப் பாசறையின் வரலாறு 1861-ஆம் ஆண்டில் தொடங்குகின்றது என்பர். கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளி ஒன்றை நடத்திவந்த பிரெடரிக் வில்லியம் கன் என்னும் ஆசிரியர், அவ்வாண்டில் தம் மாணவரை அழைத்துக்கொண்டு நெடுவழி நடந்து கடற்கரை சென்று, அங்கே கூடாரம் அமைத்து இருவாரந் தங்கினார். உள்நாட்டுப் போர் மூண்ட ஆண்டும் அதுவே. வீரரைப்போலத் தாமும் வெளியில் தங்க வேண்டும் என்னும் வேட்கை சிறுவர்க்கு அக்காலத்தில் இயல்பாகவே இருந்தது. பின்னர் 1881-ஆம் ஆண்டில், எர்னெஸ்டு பால்ச் என்னும் இளைஞர் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்து ஏரித்தீவு ஒன்றில் 'சோகோருவா' என்னும் பாசறையை நிறுவினார். செல்வர் வீட்டுச் சிறுவர் கோடைக்காலத்தை விடுதிகளில் சோம்பிக் கழித்தல் கண்டு அவர் மனம் வருந்தினார். ஆதலின், தம் பாசறையிற் பணியாள் எவரையும் அமர்த்தாது, சமைத்தல், கலந் துலக்குதல், படகு பேணுதல் முதலிய பணிகளையெல்லாம் சிறுவரே முறைவைத்துச் செய்யுமாறு வகுத்தார். தம் கையே தமக்கு உதவி என்பதை அச்சிறுவர் அங்கே கற்றனர். 1910-ஆம் ஆண்டிற்குள் பாசறைகள் பெருகிவிட்டமையின், அவற்றின் தலைவர்கள் கூடித் தமக்கென ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டனர்.

பாசறைகள் பெருகியதற்குத் தக்க காரணம் உண்டு. 1920-ஆம் ஆண்டில் எடுத்த மக்கட்டொகைக் கணக்கின்படி, அமெரிக்க மக்களுள் நாட்டுப்புறத்தில் வாழ்வோரினும் நகரத்தில் வாழ்வோர் தொகை முதன்முறையாக மிகுந்தது. நகரத்திற் பிறந்து வளரும் சிறுவர், பால் புட்டியில் வரும் என்பதை அறிவர், அது பசுவின் மடியிற் சுரக்கும் என்பதை நூலிற் படித்திருப்பர், மடியைத் தொட்டறியார். கிழங்கு மண்ணுள் விளைவதோ கொம்பிற் காய்ப்பதோ என ஐயுறுவாரும் அவருள் உளர். இக்குறையை நீக்கும் நோக்குடன் சில பாசறைகள் ஏரிக்கரையை விடுத்து உழவுப் பண்ணையை நாடின. அங்கே விளையாட்டு இல்லாமல் இல்லை. ஆயினும் விடியலில் எழுந்து பசுவைக் கறத்தலும், கோழிக்கூட்டைத் திறந்து முட்டை தேடுதலும், பாத்தியிற் களை பறித்தலும், சருகும் சாணமும் சேர்த்து எரு ஆக்குதலுமே அங்குத் தலைமையான பாடங்களாம்.

கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோ நகரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 40 மைல் தொலைவில், மலைச்சாரலில் 'ஹிடன் வில்லா' என்னும் பண்ணை ஒன்று உள்ளது. பெயருக்கேற்ப அது குன்றுகளிடையே மறைந்து கிடக்கும் இடம். அடோபி என்னும் ஓடை அதனூடே பாய்கின்றது. பிராங்க் டூவனெக், ஜோசபின் டூவனெக் என்னும் கணவனும் மனைவியும் 1924-ஆம் ஆண்டில் அந்நிலத்தை வாங்கினர். அக்காலத்தில் அம்மலையடிவாரத்துப் பள்ளத்தாக்கு முழுவதும் சர்க்கரைப்பாதாமி, பிளம் முதலிய பழமரத் தோப்புகளாகவே விளங்கியது. இக்காலத்தில் கணிப்பொறித் தொழிலாற் பெயர்பெற்றுச் 'சிலிக்கன் பள்ளத்தாக்கு' என வழங்குவதும் அதுவேயாம்.

ஜோசபின் அம்மையார் 1891-ஆம் ஆண்டில் செல்வக் குடியிற் பிறந்தவர். கல்வியில் ஆழ்ந்த பற்றுடையவர். 1925-ஆம் ஆண்டில், செயலின்வழிக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நிறுவுதற்கு முன்னின்றவர். அவ்விருவரும் தம் செல்வத்தையும் நிலத்தையும் தமக்கே உரியனவாகக் கருதினாரல்லர். 1937-ஆம் ஆண்டில், நடந்து வரும் இளைஞர் தங்கிச் செல்லும் விடுதி ஒன்றைப் பண்ணையில் அமைத்தனர். பின்னர், 1945-ஆம் ஆண்டில், பல இனத்துச் சிறுவரும் ஒருங்கே உறையும் கோடைப் பாசறை ஒன்றைத் தொடங்கினர். இதன் அருமையை உணரவேண்டின் அக்காலத்து நிலையை அறிதல் வேண்டும். வெள்ளையர் சிறுவர்க்கும் கறுப்பர் சிறுவர்க்கும் தனித்தனிப் பள்ளிகள் வைப்பது சட்டத்திற்கு மாறானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954-ஆம் ஆண்டிலேதான். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, வெவ்வேறு நிறத்துச் சிறுவர் ஒரே கூரையின்கீழ் உறங்கி, ஒரே பந்தியில் உண்டு, ஒரே பசுவைக் கறக்க அப்பாசறை இடந்தந்தது. அத்தகைய பாசறைகளுள் அது முன்னோடியாகும்.

இனிப் பாசறை வழிகாட்டியின் பணிகளைக் காண்பது தகும். அவர் பெரும்பாலும் கல்லூரியிற் பயிலும் மாணவராகவே இருப்பர். வயது பதினெட்டிற்கும் இருபத்திரண்டிற்கும் இடைப்பட்டிருக்கும். உணவும் உறையுளும் தவிர அவர் பெறும் ஊதியம் சிறிது. எட்டுப் பத்துச் சிறுவர் அவர் பொறுப்பில் விடப்படுவர். அச்சிறுவர் உறங்கும் குடிலிலேயே அவரும் உறங்குதல் வேண்டும். ஆசிரியர் மாலையில் வீடு செல்வர். மருத்துவர் நோய் கண்டபோது வருவர். தாய் ஒருத்தியே பகலும் இரவும் குழவியைப் பிரியாதவள். பாசறை வழிகாட்டியோ, சில கிழமைகட்கு அம்மூவர் பணியையும் ஒருவராய் ஏற்பவர்.

முதலிரவே அவர்க்கு முதற் சோதனை. பகலெல்லாம் துள்ளித் திரிந்த சிறுவன், விளக்கணைந்ததும் தாயை நினைந்து விம்முவான். அவனை எள்ளுதலும் தகாது. பிறர் காண எடுத்தணைத்துத் தேற்றுதலும் தகாது. நாளை விடியலில் கன்றுக்குப் பால் ஊட்டும் பணி அவனுக்குரியது என்பதை மெல்ல நினைவூட்டினால், அழுகை தணிந்து உறக்கம் வரும். தன்னை எதிர்நோக்கி ஓருயிர் காத்திருக்கின்றது என்னும் நினைவைப் போன்ற மருந்து வேறில்லை. படுக்கையை நனைத்துவிட்ட சிறுவன் ஒருவன் இருப்பின், ஏனையோர் விழிப்பதன்முன் விரிப்பை மாற்றி, ஒன்றும் நிகழாததுபோல் நடந்துகொள்ளுதல் வேண்டும். அச்செயலை எவரும் பாராட்டார். எவரும் அறியாமையே அதன் வெற்றியாம்.

தலையெண்ணுதல் அவர் ஓயாது செய்யவேண்டிய பணி. குடிலை விட்டுப் புறப்படும்போதும், ஓடையிற் குளிக்கும்போதும், குன்றேறி மீளும்போதும் எண்ணுதல் வேண்டும். நீரில் இறங்கும் சிறுவரை இருவர் இருவராக இணைத்து, ஒருவர்க்கொருவர் காவலாக்குவர். குரல் கொடுத்தவுடன் ஒவ்வோர் இணையும் கைகோத்து நிற்றல் வேண்டும். காட்டுவழியில் நச்சுச்செடி ஒன்று உண்டு. அது மூன்று மூன்று இலைகளாகத் தழைத்து, காண்பதற்கு அழகாகவே இருக்கும். அதன் நெய் மேனியிற் பட்டாலோ, தோல் கொப்புளித்துப் பல நாள் வருத்தும். அதனைச் சிறுவர்க்கு இனங் காட்டுதலும், விரியன் போன்ற கிலுகிலுப்பைப் பாம்பு வெயில் காயும் பாறைகளில் கை வையாதவாறு தடுத்தலும் அவர் கடன்.

பண்ணையின் பணிகளோ மனம்போனபடி செய்யத்தக்கன அல்ல. கறவைப் பசுவை நாள்தோறும் இருமுறை உரிய நேரத்திற் கறத்தல் வேண்டும். மடியைத் தூய நீராற் கழுவித் துடைத்து, முதற் பாலைத் தனிக்கலத்திற் பீச்சிப் பார்த்து, அதன்பின்னரே வாளியை வைத்தல் வேண்டும். அச்சமும் ஆரவாரமும் கண்ட பசு பாலை அடக்கிக்கொள்ளும். அமைதியான கைக்கே அது சுரக்கும். சினந்து வந்த சிறுவன் அங்கே சினத்தை விட்டாலன்றிப் பால் பெறான். வெள்ளையன் கை, கறுப்பன் கை என்னும் வேற்றுமையைப் பசு அறியாது. மென்மையான கை, வன்மையான கை என்னும் வேற்றுமையையே அஃது அறியும். மேடையேறி நூறுமுறை கூறினும் உள்ளத்திற் பதியாத உண்மையைத் தொழுவம் ஒரு காலைப்பொழுதில் உணர்த்திவிடும்.

ஆயினும், சிறுவர் வெறுங்கையராய்ப் பாசறைக்கு வருவதில்லை. பெற்றோர்தம் அன்போடு அவர்தம் பகையையும், உலகத்தின் துயரையும் உடன்கொண்டே வருகின்றனர். இதனை விளக்குதற்கு, 1947-ஆம் ஆண்டளவில் இத்தகைய பண்ணைப் பாசறை ஒன்றில் நிகழ்ந்திருக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்து கொள்க.

பத்தொன்பது வயதுடைய வழிகாட்டி ஒருவர். அவர் பொறுப்பில் எட்டுச் சிறுவர். அவருள் ஒருவன் சப்பானியக் குடியிற் பிறந்தவன், வயது பதினொன்று. பாசறைக்கு வந்த முதல் மாலையில் அவன் குடிலின் வாயிலில் நின்று நாற்புறமும் நோக்கி, "காவற் கோபுரம் எங்கே உள்ளது?" என்று வினவினான். வழிகாட்டிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது விடை கூற நாவெழவில்லை. அச்சிறுவன் அறிந்திருந்த பாசறை வேறு.

அது யாதெனில்: சப்பான் அமெரிக்காவைத் தாக்கிய பின்னர், 1942-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள், குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட் பிறப்பித்த ஆணையின்வழி, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த சப்பானியக் குடியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் தம் வீடும் நிலமும் கடையும் விட்டு வெளியேற்றப்பட்டனர். அவருள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடியுரிமை உடையவர். எவர்மீதும் தனித்தனியே குற்றஞ் சாட்டப்படவில்லை. எவரும் முறைமன்றத்தில் ஆராயப்படவில்லை. சிலர் முதலிற் குதிரைப் பந்தயத் திடல்களின் இலாயங்களில் வைக்கப்பட்டனர். பின்னர் உள்நாட்டுப் பாலைநிலங்களிலும் பிற ஒதுக்கிடங்களிலும் அமைத்த பத்துப் பெரும் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். முள்வேலியும் காவற்கோபுரமும் அம்முகாம்களைச் சூழ்ந்திருந்தன. 1945-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேதான் அவர்கள் தம் ஊர்களுக்கு மீள இசைவு கிடைத்தது. மீண்டவருட் பலர்க்கு வீடில்லை, வரவேற்பாரும் இல்லை. டூவனெக் தம்பதியர் போன்ற சிலரே அம்மக்கட்குத் துணைநின்று உதவி புரிந்தனர். ஆறாம் வயதில் அத்தகைய முகாமிற் புகுந்து ஒன்பதாம் வயதில் வெளிவந்த சிறுவன், முகாம் என்றவுடன் காவற்கோபுரத்தைத் தேடியது வியப்பன்று.

அக்குடிலில் இருந்த மற்றொருவன் பன்னிரண்டு வயதினன். அவன் தமையன் பசிபிக் கடற்போரில் உயிர் நீத்தவன். தமையனைக் கொன்ற நாட்டாரின் முகம் எதிர்ப்படுக்கையில் தோன்றக் கண்ட அவன், முதல் மூன்று நாளும் அச்சிறுவனோடு ஒரு சொல்லும் பேசவில்லை. அவன் தொட்ட வாளியைத் தான் தொடமாட்டேன் என்றான். வழிகாட்டி அவனை வற்புறுத்தவில்லை, கடிந்துரைக்கவும் இல்லை. இழப்பினால் வந்த பகை அறிவுரையாற் போகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். பணிகளை மட்டும் எல்லார்க்கும் ஒப்பப் பகிர்ந்தளித்தார்.

மேய்ச்சல் நிலத்திற்கும் பச்சைக் குதிரைமசால் விளைந்த வயலுக்கும் இடையே ஒரு மரக்கதவு இருந்தது. மாலையிற் பசுவை மேய்ச்சல் நிலத்தில் விட்டு அக்கதவிற்குக் கொக்கியிடும் பணி அன்று சப்பானியச் சிறுவனுடையது. அவன் அதனைச் செவ்வனே செய்தான். இரவில் சிறுவர் உறங்கிய பின்னர், வயலின் மறுபுறத்துத் தொட்டியருகே மறந்துவிட்ட போர்வைகளை எடுத்துவர வழிகாட்டி சென்றார். இரு கையும் நிறைய அவற்றைச் சுமந்து மீண்டவர், கதவைத் தோளாற் சாத்தினார். கொக்கியை மாட்ட மறந்தார்.

விடியலிற் பசு குதிரைமசால் வயலில் நின்றது. பனியில் நனைந்த அப்பசுந்தழையைப் பசியோடு மிகுதியாக உண்ட மாட்டின் வயிற்றில் நுரையும் காற்றும் அடைத்துக்கொள்ளும். வயிறு இடப்பக்கம் பறைபோல் உப்பி, மூச்சு முட்டி, உரிய நேரத்தில் உதவி கிட்டாவிடின் மாடு இறந்தேபோகும். அப்பசுவும் கால்களை அகற்றி நின்று முனகிக்கொண்டிருந்தது. சிறுவர் ஓடிவந்து சூழ்ந்தனர். கதவைச் சாத்தும் முறை யாருடையது என்று ஒருவன் கேட்டான். எல்லார் கண்ணும் ஒருவன்மேற் சென்றன. "இவன் வேண்டுமென்றே செய்தான். இவனினத்தார் செய்கை இதுதான்" என்று பன்னிரண்டு வயதினன் கூவினான். பழி சுமந்த சிறுவனோ, செய்யவில்லை என்றும் கூறவில்லை, அழவும் இல்லை. தலை கவிழ்ந்து நின்றான். செய்யாத குற்றத்திற்கு விடை கூறிப் பயனில்லை என்பதை மூன்றாண்டு வாழ்க்கை அவனுக்குக் கற்பித்திருந்தது.

அப்பொழுதே வழிகாட்டிக்குப் போர்வைகள் நினைவுக்கு வந்தன. அவர் நெஞ்சு திடுக்கிட்டது. இரவில் அவர் சென்றதை எவரும் கண்டிலர். வாய்திறவாதிருந்தால் பழி வேறொருவன்மேல் தானே நிற்கும். வாய்திறந்தாலோ, சிறுவர் அவர் சொல்லை இனி மதியாதொழியலாம். பசு இறப்பின் பணியும் போகலாம். கல்லூரிக் கட்டணத்திற்கென அவர் நம்பியிருந்த ஊதியமும் போகலாம். பசு பிழைக்குமோ பிழையாதோ என்பது அந்நேரத்தில் எவரும் அறியாதது. பிழைத்த பின்னர்க் கூறலாம் என்று ஓர் எண்ணம் தோன்றியது. ஆயினும் அச்சிறுவனின் கவிழ்ந்த தலையை ஒருமுறை நோக்கியவர் அவ்வெண்ணத்தை விடுத்தார்.

"கதவைத் திறந்துவிட்டவன் நான். இவன் கொக்கியிட்டதை நேற்று மாலை நானே பார்த்தேன். இரவில் அவ்வழியே வந்து, மாட்டாமல் விட்டவன் நான்" என்று எல்லாருங் கேட்கக் கூறினார்.

ஒருவரும் பேசவில்லை. அங்கு வந்து சேர்ந்த முதிய உழவர், "பழியைப் பின்னர்ப் பங்கிட்டுக்கொள்ளலாம், பசுவை முதலிற் பாருங்கள்" என்றார். மருத்துவர்க்கு ஆள் போயிற்று. அவர் வருந்துணையும் காத்திருத்தல் இயலாது. பசுவின் வாயிற் குறுக்கே ஒரு கோலைக் கட்டினால், அதனை மென்று மென்று உமிழ்நீர் பெருகும். எண்ணெய் புகட்டினால் நுரை அடங்கும். மேட்டில் ஏற்றி முன்கால் உயர நிறுத்தினால் காற்று வெளிப்பட வழியுண்டாகும். கயிறு பிடிக்க எவரேனும் வேண்டும் என்றார் உழவர். வாரமெல்லாம் அப்பசுவைக் கறந்து பழகியவன் சப்பானியச் சிறுவன். அவன் கைக்கே அது பணிந்தது. வாயிற் கோல் நழுவாமற் பிடிக்க உயர்ந்த ஒருவன் வேண்டியிருந்தது. அவ்வுயரம் பன்னிரண்டு வயதினனுக்கே இருந்தது. ஒருவன் கயிற்றையும் ஒருவன் கோலையும் பற்றி, பசுவின் இருபுறமும் நடந்து, மேட்டில் ஏறியும் இறங்கியும் ஒரு மணி நேரத்திற்கு மேல் உலாவினர். வழிகாட்டி பின்னின்று வயிற்றைத் தேய்த்துக்கொண்டே வந்தார். இறுதியிற் பெரிய ஏப்பம் ஒன்று எழுந்தது. பின்னர் மேலும் மேலும் காற்று வெளிப்பட்டது. உப்பிய வயிறு தணிந்தது. மருத்துவர் வந்தபோது பசு நின்று நீர் பருகிக்கொண்டிருந்தது.

பாசறைத் தலைவர் வழிகாட்டியைப் பணியினின்றும் விலக்கவில்லை. அன்று முதல் இரவுதோறும் எல்லாக் கதவுகளையும் இருவர் கூடிச் சென்று கையால் தொட்டுப் பார்த்து வருதல் வேண்டும் என்று விதி செய்தார். அவ்விருவருள் ஒருவர் அவ்வழிகாட்டியே என்றும் கூறினார். அன்றிரவு உடன்செல்ல யார் வருகின்றனர் என்று வழிகாட்டி கேட்டார். பன்னிரண்டு வயதினன் எழுந்தான். கதவருகே சென்றதும், "நீங்கள் சொல்லாதிருந்தால் எவர்க்கும் தெரிந்திராதே" என்றான். "எனக்குத் தெரிந்திருக்கும், அவனுக்கும் தெரிந்திருக்கும்" என்றார் வழிகாட்டி. மேலும் ஒரு சொல்லும் அவர் கூறவில்லை. சிறுவன் கொக்கியை மாட்டி, இழுத்துப் பார்த்து, மீண்டும் ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

அவன் யாரிடமும் மன்னிப்புக் கேட்டான் என்று சொல்வதற்கில்லை. இருவரும் உற்ற நண்பராயினர் என்று சொல்வதற்கும் இல்லை. இறந்த தமையன் மீண்டு வருவானல்லன். முள்வேலிக்குட் கழிந்த மூன்றாண்டும் திரும்பி வாரா. ஆயினும் மறுநாட் காலையில் தொழுவத்தில், பால் நிறைந்த வாளியைச் சப்பானியச் சிறுவன் நீட்டியபோது, மற்றவன் தன் கையால் அதனை வாங்கிக்கொண்டான். பாசறை செய்யத்தக்கது அவ்வளவே, அவ்வளவும் எளிதன்று.

இந்நிகழ்ச்சியில் நுனித்து நோக்கத்தக்கது ஒன்று உண்டு. கதவு திறந்து கிடந்தது. யார் திறந்தார் என ஒருவரும் ஆராயவில்லை. முகத்தைக் கண்டே முடிவு செய்தனர். தொழுவத்தருகே சிறுவர் ஒரு நொடியிற் செய்த இப்பிழையையே, 1942-ஆம் ஆண்டில் ஒரு பெருநாடு ஆணையிட்டுச் செய்தது. அப்பிழையை அந்நாடு உணர்தற்கு நெடுங்காலம் ஆயிற்று. நாட்டுப் பேரவை அமைத்த ஆய்வுக்குழு ஒன்று 1983-ஆம் ஆண்டில் தன் முடிவை வெளியிட்டது. இனவெறுப்பும், போர்க்காலத்துப் பதற்றமும், அரசியல் தலைமையின் தவறுமே அவ்வாணைக்குக் காரணங்கள் என்று அக்குழு கூறிற்று. 1988-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்வழி அரசு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, அன்று உயிரோடிருந்தவர் ஒவ்வொருவர்க்கும் 20,000 டாலர் வழங்கியது. 'கதவைத் திறந்துவிட்டவன் நான்' என்று கூறுதற்கு ஓர் இளைஞர்க்குச் சில நொடிகள் வேண்டியிருந்தன. ஓர் அரசுக்கு நாற்பத்தாறு ஆண்டுகள் வேண்டியிருந்தன. காலம் கடந்ததாயினும் அக்கூற்றும் போற்றத்தக்கதே. எனினும் அதற்குள் இறந்துபட்டவர்க்கு அதனாற் பயனென்ன?

ஜோசபின் அம்மையார் 1978-ஆம் ஆண்டிலும், அவர்தம் கணவர் 1985-ஆம் ஆண்டிலும் மறைந்தனர். அவர்கள் தொடங்கிய பாசறை அவர்கட்குப் பின்னும் பல தலைமுறைச் சிறுவர்க்கு இடந்தந்தது.

பாசறை வழிகாட்டியின் பணி சில கிழமைகளில் முடிந்துவிடும். கோடை கழிந்ததும் சிறுவர் வீடு திரும்புவர். இளைஞர் கல்லூரிக்கு மீள்வர். அவர் பெயரையும் சிறுவர் மறந்துவிடக்கூடும். ஆனால் களை பறித்தபோது அவர் காட்டிய பொறுமையும், நள்ளிரவில் விரிப்பை மாற்றிய அவர்தம் பரிவும், தம் பிழையைத் தாமே எடுத்துரைத்த அவர்தம் வாய்மையும் அவர் உள்ளத்தில் மறைந்து நின்று வேலை செய்யும். விதை மண்ணுள் மறைந்தன்றோ முளைக்கின்றது? பிறரை நடத்த விரும்புவோர் முதலில் தம்மைச் செம்மையாக நடத்திக்கொள்ளுதல் வேண்டும் என்பதும், பழி சுமத்துமுன் ஆராய்தல் வேண்டும் என்பதும், பழி தம்மதாயின் அதனை உடனே ஏற்றல் வேண்டும் என்பதும் பண்ணைப் பாசறை கற்பிக்கும் பாடங்களாம். இவை ஏட்டிற் படித்தற்கு எளியன. உப்பிய வயிற்றோடு பசு ஒன்று எதிரே நிற்க, எட்டுச் சிறுவர் முகம் நோக்க, அவற்றைச் செய்து காட்டுதலே அரிது.